கோத்தகிரியில் இருமல் கேட்காத காலை

சேசு மரி சூசை துணை

காலடிப்பேட்டை,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் ஷைனிக்கு உன் அப்பா ஹென்றி எழுதுவது. மாதா தயவில் நானும் உன் அம்மாவும் மூன்று வேளை சாப்பிட்டு இரண்டு வேளை சண்டை போட்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ரெஜியும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபமாலையில் உங்களுக்கென்று ஒரு பத்து மணி சொல்கிறேன். ஞாயிறுதோறும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். கோத்தகிரிக்குப் போய் வந்து பத்து நாள் ஆகிறது. நீ போனில் கேட்டபோது ஊர் சூப்பர், குளிர் சூப்பர் என்று சொல்லி வைத்தேன். அது பாதிதான். மீதியை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மா என் கையைப் பிடித்து மாதா படத்தின் மேல் வைத்து, பாப்பா கிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கடிதத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. இப்போது காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதி ஒட்டியாக வேண்டும், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவசரம் மட்டும் காரணமில்லை, எனக்கு இன்னும் அந்த அதிர்ச்சி போகவில்லை.

எங்களுடைய முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நீ டிக்கெட் எடுத்து அனுப்பியபோது நான் குதித்த குதி உனக்கு ஞாபகம் இருக்கும். மலைக்குப் போய் மரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க எனக்கென்ன பைத்தியமா என்றேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ்ஸில் ஏறி அந்த வளைவுகளில் போனபோது குடல் வாய்க்கு வந்துவிட்டது, உன்னை வாய்விட்டுத் திட்டினேன், மன்னித்துக்கொள். நீ பிடித்துக் கொடுத்த விடுதி நல்ல விடுதி. நாலே அறை, முன்னால் தேயிலைச் சரிவு. நடத்துகிறது அஜீசா என்று ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயது இருக்கும். சமையலும் அவளே, காலையில் வந்தவர்களை மலைப்பாதையில் நடக்கக் கூட்டிப் போகிறதும் அவளே. போன அன்று சாயங்காலமே என் மானம் போயிற்று. நாலு மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்து டீயும் வர்க்கியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கீழே பள்ளத்தில் இருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி, ஒவ்வொரு மரமாக மறைத்துக்கொண்டு, தரையோடு தரையாக எங்களை நோக்கி வந்தது. கம்பெனிகள் சூழ்ந்த நம் பக்கத்தில் அப்படி ஒன்று வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா. கேஸு கேஸு என்று கத்திவிட்டேன். ஜக்குத் தண்ணீரில் துண்டை முக்கி உன் அம்மா மூக்கில் வைத்து அமுக்கி, மேட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினேன். கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த வாத்தியாரும் அவர் சம்சாரமும் ஒன்றும் புரியாமல் டீ டம்ளரோடு எங்கள் பின்னால் ஓடி வந்தார்கள். அஜீசா துரத்தி வந்து, அண்ணா அது மூடுபனிங்க, தினம் இந்நேரத்துக்கு வர்றதுதானுங்க என்றாள். உன் அம்மா துண்டைப் பிழிந்துகொண்டே, யோவ், இன்னாய்யா நீ, பனியப் பாத்து பயந்து ஓடுற மொத ஆளு நீதான், வந்த எடத்துல இப்டி பேஜாரு பண்றியே என்று எல்லார் முன்னாலும் ஏசினாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ராச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பனி எது விஷம் எது என்று தெரியாத ஆளாகவா இத்தனை வருஷம் ஒரு ஊரில் இருந்திருக்கிறேன் என்று திக்கென்று இருந்தது.

மறுநாளில் இருந்து காலை ஏழு மணிக்கு நடை. முதலில் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அதைத் தாண்டினால் சோலைக்காடு, உள்ளே பகலிலேயே விளக்குப் போடலாம் போல இருட்டு. அஜீசா ஒவ்வொரு மரத்துக்கும் பேர் சொன்னாள், எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை, என் காலில் ஏறிய அட்டை மட்டும்தான் நிற்கிறது. உப்பைத் தடவி எடுத்தாள், இருந்தும் ரத்தம் நிற்காமல் சாக்ஸ் நனைந்துபோனது. ஒரு நாள் தோட்டத்தின் நடுவில் காட்டுமாடு நின்றது, மினி லாரி உயரம். நான் பின்வாங்கினேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் தலை நிமிர்ந்து கூடப் பார்க்காமல், போ சாமி, அந்தாண்ட போ என்று சொல்லிவிட்டுப் பறித்துக்கொண்டே இருந்தார்கள். அங்கே ஒரு கோயிலில் கரடி வந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறதாம், பூசாரி கோபப்படாமல் காலையில் மறுபடி ஊற்றுகிறாராம். உன் அம்மா அந்தப் பெண்களோடு சேர்ந்து அரை மணி நேரம் கொழுந்து பறித்தாள், காம்பு வைத்துப் பறிக்கிறீங்க என்று அவர்களிடம் திட்டும் வாங்கினாள். மார்க்கெட்டில் வெள்ளைத் துண்டு போர்த்திய படுகர் வீட்டு அம்மா ஒருத்தி இவளுக்கு அவரையை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். அதோடு விட்டாளா, அடுத்து மீன் கடைக்குப் போய் சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது செத்து எத்தினி நாளு ஆச்சு நைனா, இத்த மீனுன்னு விக்கிறியே, மனசாட்சி கீதா உனக்கு என்று கேட்டு அந்த ஆளைக் கலங்கடித்துவிட்டாள். கவனி ஷைனி, நான் ஒன்று சொல்ல மறந்தேன் பார். இத்தனை ஏற்றத்திலும் உன் அம்மா ஒரு இடத்தில் கூட நிற்கவில்லை. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியது நான். இங்கே மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் நடுப்படியில் உட்காருகிறவள் அவள். கூடவே நடந்தும் அது என் மண்டையில் ஏறவில்லை.

நாலாவது நாள் காலையில் நான் கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். மணி ஆறரை. நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிற ஆள், உனக்குத் தெரியும், அலாரம் வைத்து இல்லை, உன் அம்மாவின் இருமல் சத்தத்தில். பதினோரு வருஷமாக ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஐந்தே கால் வரைக்கும் இருமுவாள், நான் எழுந்து வெந்நீர் வைப்பேன். பூசையில் அவள் இருமினால் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், அவ்வளவு பழக்கம் எல்லாருக்கும். அன்றைக்கு அந்த இருமல் இல்லை. பக்கத்துக் கட்டிலில் திரும்பிப் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், அசைவில்லை. கம்பளிக்கு வெளியே இருந்த கையைத் தொட்டேன். ஐஸ் போல ஜில்லென்று இருந்தது. வியாகுலம் என்று பேர் சொல்லிக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை, கூப்பிட்டு அவள் பதில் பேசாவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடிப்போய், போயிட்டாம்மா, என் பொண்டாட்டி போயிட்டாம்மா என்று அலறினேன். அஜீசா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள், கோயம்புத்தூர் வாத்தியார் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு வந்தார். நான் ஈரத் தரையில் முட்டி போட்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மரண நேரத்திலும் என்கிற இடம் வந்தபோது பின்னால் ஒரு குரல், இன்னாய்யா, காலாங்காத்தால யாரு செத்தது என்று. திரும்பினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நல்லாத் தூங்கிக்கினு இருந்தேன், எழுப்பி வுட்டுட்டியே என்கிறாள். நான் எழுந்து அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். முப்பத்தைந்து வருஷத்தில் மூன்றாவது மனிதர் முன்னால் நான் அவளைத் தொட்டது இல்லை. அவள் வெட்கப்பட்டு, வுடுய்யா, இன்னா ஆச்சு உனுக்கு என்று தள்ளினாள். நீ இருமலியே வியாகுலம் என்றேன். அவளும் அப்போதுதான் யோசித்தாள். ஆமால்ல என்றாள்.

அஜீசாதான் விடவில்லை. பதினோரு வருஷ இருமல் நாலு நாளில் நிற்குதுன்னா காட்டிக்கறது நல்லதுங்க என்று ஊருக்குள் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அம்மா நீங்க எந்தக் கம்பெனில வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம் என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, கம்பெனியா, அவளை நான் ஒரு நாள் வேலைக்கு அனுப்பியதில்லை டாக்டர், ராணி மாதிரி வீட்டிலேயே வைத்திருந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். அப்படின்னா இவ்வளவு தூசி எங்கிருந்து வந்தது, வருஷக்கணக்கா தூசில வேலை செஞ்சவங்க நெஞ்சு மாதிரி இருக்கே என்றாள். அப்புறம் நான் என்ன வேலை என்று கேட்டாள். கரி யார்டில் மேஸ்திரி, முப்பத்தோரு வருஷம், இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றேன். உங்க சட்டையை யார் துவைப்பாங்க என்று கேட்டாள். உன் அம்மா சாதாரணமாகச் சொல்கிறாள், நான்தான் டாக்டர், பின்னாடி சந்துல வச்சி நாலு ஒதறு ஒதறுவேன், கருப்பா மூஞ்சியெல்லாம் பறக்கும், அப்புறம்தான் தண்ணில போடுவேன் என்று. டாக்டரம்மா படத்தை வைத்து எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள், அடுப்புப் புகையும் இருக்கும், ஊர்க் காற்றும் இருக்கும் என்றாள். ஆனால் உள்ளே படிந்தது படிந்ததுதான், இனி அது போகாது, மிச்சம் இருக்கிற நெஞ்சைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தூசி இல்லாத இடத்தில் இருக்கட்டும், அங்கேயே இருந்தால் ரெண்டு மூணு வருஷத்தில் ஆக்சிஜன் இல்லாமல் நடக்க முடியாமல் போகலாம் என்றாள். எக்ஸ்ரேயைப் படம் பிடித்துப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், நீ நர்சு, உனக்குப் புரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். யார்டிலேயே குழாயும் சோப்பும் இருந்தன. வேலை முடிந்ததும் அங்கேயே சட்டையை உதறி அலசிப்போட்டு, குளித்துவிட்டு வேறு துணி மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் சட்டம். எல்லாரும் அப்படித்தான் போனார்கள். நான் மட்டும் கரியோடு வருவேன். மார்க்கெட் வழியாக நடந்து வரும்போது உழைத்தவன் வருகிறான் என்று தெரு பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு திமிர். மறுநாள் அதே காக்கிச் சட்டை பளிச்சென்று போட்டுக்கொண்டு போய், என் வூட்டுக்காரி கைக்கு எந்த சோப்பும் நிக்காதுடா என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வேன். அந்தத் திமிரை முப்பத்தோரு வருஷம் அவள் மூச்சில் ஏற்றியிருக்கிறேன். எனக்கு ஒரு தும்மல் கூட இல்லை பார். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. எனக்குத் தெரியாமப் போச்சே வியாகுலம் என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய அடி. எனுக்குத் தெரியும்யா என்றாள். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பங்குக் கோயில் டிஸ்பென்சரி சிஸ்டர் சொல்லிவிட்டாராம், அந்தச் சட்டையைத் தொடாதே என்று. ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னா நீ இன்னா பண்ணுவ, அன்னிக்கே வேலைய வுட்டுட்டு வந்து நிப்ப, பாப்பா நர்ஸிங் காலேஜு ரெண்டாவது வருஷம் படிச்சிக்கினு கீது, இன்னா பண்ண சொல்ற என்றாள். சரி அங்கேயே துவைத்து வா என்றாவது சொல்லியிருக்கலாமே என்றேன். நீ அந்தச் சட்டையோட தெருவுல வர்றப்போ உன் மூஞ்சியில ஒரு சந்தோசம் கீது பாரு, அத்த கெடுக்கச் சொல்றியா என்றாள். மார்பில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாத்தியார் சம்சாரம் எதிரே வந்துகொண்டிருந்தாள், அதனால் சும்மா இருந்தேன்.

மீதி மூன்று நாளும் அவள் இருமவில்லை. சோலைக்காட்டில் ஓடையைத் தாண்டுகையில் சின்னப் பெண் பாவாடையைத் தூக்குகிற மாதிரி சேலையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ரயிலிலும் இல்லை. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஏறினோம், அந்த ஏசியிலும் இல்லை. காலடிப்பேட்டை ஸ்டேஷன் படி இறங்கி ரோட்டுக்கு வந்தோம், பெட்டியை ஆட்டோவில் வைக்கிறேன், பின்னால் ஒரு இருமல். திரும்பிப் பார்க்கப் பயந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது ஜன்னல் கட்டையில் ஒரு வாரத் தூசி, விரலால் தொட்டால் கறுப்பு. இத்தனை வருஷமாக நான் அதைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நம்புவாயா. போன ஈஸ்டருக்கு நீ, அந்த ஊரே அம்மாவைக் கொல்லுதுப்பா என்று சொன்னதற்கு நான் என்ன ஆட்டம் ஆடினேன், நாலு தலைமுறையா இங்கதான் கீறோம், யாரு செத்தா என்று கேட்டு ரெண்டு மாசம் உன்னோடு பேசவில்லை. நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. உன் காலில் விழுந்து கேட்டதாக நினைத்துக்கொள்.

அஜீசாவின் விடுதிக்குக் கீழே ஒரு ஓட்டு வீடு காலியாக இருக்கிறது, ஜனவரியில் இருந்து நமக்கென்று சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், ஒரேயடியாக மறுத்துவிட்டாள். நீ அங்க போனா ரெண்டே நாளுல பேஜாராயிடுவ, காசிமேட்டு மீனும் உன் தோஸ்துங்களும் இல்லாம உனுக்கு சோறு எறங்காது, என் நெஞ்சுக்கோசரம் உன்ன எதுக்கு எடம் மாத்தணும், கெடக்கட்டும் வுடு என்கிறாள். பத்து வருஷமாகச் செய்ததையே மறுபடியும் செய்கிறாள். தன் நெஞ்சுக்காக அவள் இந்தத் தெருவைத் தாண்ட மாட்டாள் ஷைனி. அதனால் நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையில் இருந்து இருமுகிறேன். முதல் நாள் அவ்வளவு சரியாக வரவில்லை, ஆடு கத்துகிற மாதிரி வந்தது. இப்போது பழகிவிட்டது, பதினோரு வருஷம் கேட்ட சத்தம்தானே. அவள் நாலே முக்காலுக்கே எழுந்து எனக்கு வெந்நீர் வைக்கிறாள், முதுகைத் தடவிக்கொண்டே, உனுக்கு எப்பய்யா இது வந்துச்சி என்று கேட்கிறாள், தானும் இருமிக்கொண்டு. முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இருபது நாள் ஆகும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது மறக்காமல் அம்மாவிடம் முதலில் என் இருமலைப் பற்றிக் கேள். அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு, மலைக்காற்று இல்லாவிட்டால் தாங்காது, நீதான் கூட்டிக்கொண்டு போய்க் கூடவே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல். நர்சு சொன்னால் நம்புவாள். பொய் சொல்லச் சொல்கிறானே அப்பன் என்று நினைக்காதே, பாவசங்கீர்த்தனத்தில் என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அவள் உடம்பைப் பற்றி உனக்குத் தெரிந்த மாதிரி ஒரு மூச்சு விடாதே, அழுகை வந்தால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசு. கடிதத்தைப் பத்திரமாக வை, அவள் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு நாளும் வைக்காதே. மாப்பிள்ளையின் வேலைச் சட்டையை நீ உதறாதே, எந்த வேலையாக இருந்தாலும் சரி. சர்வேசுரன் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் காப்பாராக, மாதா தன் கரத்தை உங்கள் தலை மேல் வைக்கட்டும்.

இப்படிக்கு உன்னைப் பார்க்க ஏங்கும் அப்பா,
சூ. ஹென்றி

பி.கு.: நேற்று உன் அம்மா பரணில் இருந்து பையை இறக்கி என் ஸ்வெட்டரையும் குல்லாவையும் தைலப் புட்டியையும் வைத்திருக்கிறாள், உன்ன டாக்டரு எங்கனா குளுரு எடத்துல தங்கச் சொன்னா ஒதவும் என்றாள். தன்னுடையது ஒன்றும் வைக்கவில்லை. இன்றைக்கு அவள் மீன் வாங்கப் போனதும் பையைத் திறந்து, அடியில் அவள் ஸ்வெட்டரையும் நாலு சேலையையும் வைத்து, மேலே என் துணியைப் போட்டு மூடிவிட்டேன்.